கதவுக்கு மேலால் பாய்ந்தவரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இலங்கை விளையாட்டின் மறக்க முடியாத பத்துத் தருணங்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆசையாக வாசிக்கத் தொடங்கினேன், முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிப்போனது, கோபம் மட்டும் ஆறவில்லை. பத்தில் எட்டு கிரிக்கெட். மிச்சம் இரண்டில் ஒன்று தடைதாண்டி ஓடிய டங்கன் வைட், மற்றது ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்க. அவ்வளவுதான். உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கத்தைக் காணவே இல்லை.

கிரிக்கெட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 1996 மார்ச் 17 இரவு லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை இங்கே உப்புவெளியில், கார் பற்றரியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பதினைந்து இருபது பேர் நெருக்கிக்கொண்டு பார்த்தோம். படம் ஓடிப்போகும்போதெல்லாம் அன்டனாவைத் திருப்புவதற்கென்றே ஒருத்தன் கூரையில் இருந்தான், பாவம், அவன் ஒரு பந்தையும் பார்க்கவில்லை, கீழே நாங்கள் போடும் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டக் கணக்கு வைத்திருந்தான். 23 ஓட்டங்களுக்கு ஜயசூரியவும் களுவிதாரணவும் போனபோது இரண்டு பேர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் குருசிங்க 65, அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, கடைசியில் அர்ஜுன, அவுஸ்திரேலியாவின் மக்ராத் போட்ட பந்தை மெல்லத் தட்டிப் பின்பக்கமாய் எல்லைக்கு அனுப்பியதும் எங்கேயோ தூரத்தில் பட்டாசு வெடித்தது. எங்கள் அறையில் ஒரு நிமிடம் எல்லோரும் உறைந்து போனோம். அந்தக் காலத்தில் திருகோணமலையில் இரவு ஒரு வெடிச் சத்தம் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசு இல்லை. அந்த ஒரு நிமிடம் கழித்துத்தான் கத்தினோம். ஆகவே எனக்குக் கிரிக்கெட்டை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முரளியின் 800 டெஸ்ட் விக்கெட்டையும் நீங்கள் போட்டது சரி, ஆனால் போட்ட விதம் சப்பென்று இருந்தது. எண்ணை மட்டும் எழுதிவிட்டீர்கள். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக அந்த மனிதர் அதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, 792 விக்கெட்டோடு இறங்கினார். 799 வரை வந்தாயிற்று, பிறகு லக்ஷ்மண் ரன் அவுட் ஆகிப் போனதில் மிச்சம் ஒரேயொரு விக்கெட், மற்ற முனையில் மலிங்க யோர்க்கர் போடுகிறார். மலிங்கவின் பந்தில் தடி பறந்தால் 799ஓடு எல்லாம் முடிந்திருக்கும். இலங்கைப் பந்துவீச்சாளர் விக்கெட் எடுத்துவிடக் கூடாதே என்று இலங்கைக்காரர்கள் கும்பிட்ட ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். ஓஜாவின் மட்டையில் பட்டு மஹேலவின் கையில் பந்து விழுந்தபோதுதான் மூச்சு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் எங்கே?

1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தவர். ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் பாய்ந்தவர். அவரைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகை இப்படிச் செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

இதை வீட்டில் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது என் பேரன், "அம்மப்பா, 2.03 மீற்றர் என்றால் எவ்வளவு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அடிக்கணக்கில் 6 அடி 8 அங்குலம். தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு போய் எங்கள் முன் வாசல் நிலையை அளந்தோம், பழைய வீடு, நிலை 6 அடி 6 அங்குலம்தான். அதற்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பேரன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "இதுக்கு மேலாலயா?" என்றான். மேலாலேதான். அதுவும் இப்போது பிள்ளைகள் முதுகைக் காட்டிப் பாய்கிறார்களே, அந்த முறையை அமெரிக்கர் ஃபொஸ்பரி மெக்சிகோ ஒலிம்பிக்கில் உலகத்துக்குக் காட்டியதே 1968இல், பத்து வருடம் கழித்து. இன்றைக்கு இருப்பது போல ஆள் புதைகிற மெத்தையும் அப்போது இல்லை. நானும் பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில் உயரம் பாய்ந்து மணலில் விழுந்தவன்தான். நாலே முக்கால் அடிக்கே தோள் பட்டையில் வாங்கிய அடி ஒரு கிழமை வலித்தது.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் பெடியன்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, கைபேசியில் தட்டினால் வருவதுதான் அவர்களுக்குச் சரித்திரம். அரவிந்தவின் சதம் வருகிறது, முரளியின் கடைசிப் பந்து வருகிறது, சுசந்திகா சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 விநாடியில் ஓடிய ஓட்டமும் வருகிறது. வீடியோ இல்லாததெல்லாம் நடக்கவே இல்லை என்ற மாதிரி ஆகிவிட்டது, உங்கள் பத்துத் தருணங்களையும் அப்படித்தான் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். (டங்கன் வைட்டின் 1948 வெள்ளி தப்பிப் பிழைத்தது ஒலிம்பிக் என்பதால்.)

கடலையும் மறந்துவிட்டீர்கள். 1954இல் இந்தியாவின் கோடிக்கரைக்கு நீந்திப் போன நவரத்தினசாமி, 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்த ஆழிக்குமரன் ஆனந்தன், இவர்கள் விளையாட்டுக்காரர் இல்லையா? போகவர மொத்தம் 51 மணித்தியாலம் ஆனந்தன் கடலில் இருந்தார். எங்களுக்குக் கடற்கரையில் இருந்து பழக்கம், அரை மணித்தியாலம் உப்புத் தண்ணீரில் கிடந்தாலே நாக்கு தடித்துக் கண் எரியும், விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போகும். இரண்டு இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது கடலிலேயே போய்ச் சேர்ந்தார். 2024 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், 13 வயது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்தபோது ஊரே கொண்டாடியது. அவன் கடந்த அதே கடலை ஐம்பது வருடத்துக்கு முன்னர் ஒருவர் போய்வந்தார் என்பதை அன்று எத்தனை பேர் எழுதினார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த ஞாயிறு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 1958ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாய் எங்காவது ஒரு நூலகத்தில் தூசி பிடித்துக் கிடக்கும், உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, டோக்கியோச் செய்தி அன்று எந்தப் பக்கத்தில் எத்தனை வரியில் வந்தது என்று பார்த்து அதை அப்படியே போடுங்கள். அந்த மைதானங்களில் ஓடிப் பாய்ந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் கதைக்க விடுங்கள், எங்களுக்கும் நாள் எண்ணிக்கொண்டுதான் போகிறது.

சுவரில் போட்ட பென்சில் கோட்டை அழிக்கச் சொல்லி மனைவி இரண்டு தரம் சொல்லிவிட்டாள், பொங்கலுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டுமாம். பேரன் விடவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் ஒரு தரம் எம்பிக் கையை எட்டிப் பார்க்கிறான். இன்னும் ஒரு சாண் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.