மாதிரிப் படத்தைப் பார்த்துத் தீம் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு தொழில் செய்பவர்களுக்கும் கலைஞர்களுக்கும் வந்திருக்கும் புதிய வலைத்தளத் தீம்களை, அதாவது தளத்துக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் தோற்ற வடிவமைப்புகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல அறிமுகம்தான். ஆனால் கூடப் போட்டிருந்த மாதிரித் தளப் படங்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. தளம் அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு படத்தைக் காட்டி, "அச்சு அசல் இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள்.

அதில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் தீம் இல்லை, அதற்குள் வைத்திருக்கும் புகைப்படம். ஒரு புகைப்படக் கலைஞர் தானே ஒரு தீமை வாங்கிக்கொண்டு வந்தார். மாதிரியில் இருந்தவை எல்லாம் அகலவாட்டுப் படங்கள். இவர் எடுப்பதோ ஆளுருவப் படங்கள், எல்லாம் உயரவாட்டில். ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடக்குவதற்காகத் தீம் மேலேயும் கீழேயும் வெட்டித் தள்ளியது. தலை போய், கழுத்தும் சட்டைப் பித்தானும்தான் மிச்சம்! மனிதர் நொந்துபோனார். படத்தை வெட்டாமல் அதனதன் உயரத்திலேயே அடுக்கும் தீம்களும் இருக்கின்றன. அப்படி ஒன்றுக்கு மாற்றிய பிறகுதான் அவர் படங்களுக்கு உயிர் வந்தது.

அப்புறம் தமிழ். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீமோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பார்ப்பவரின் கருவியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை உலாவி எடுத்துப் போட்டுவிடும். ஆளுக்கொரு விதமாகத் தெரியும். தலைப்பில் வரிகளை நெருக்கி வைப்பது இப்போதைய பாணி. ஆங்கிலத்துக்கு அது எடுப்பாக இருக்கலாம். தமிழில் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ' மேல் போய் இடிக்கும். சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவில் சாய்வெழுத்துக் கேட்டால், நேர் எழுத்தையே உலாவி வம்படியாகச் சாய்த்துக் காட்டும். சின்ன ஆங்கிலச் சொற்களுக்கு அளந்த மெனுவில் 'எங்களைப் பற்றி' என்று போட்டதும் இரண்டு வரியாக மடங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் போட்டு, வரி இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தினாலே பாதிக் குறை தீரும்.

புதியது எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தீம் முறை 2005இல் வந்தது. அதன்பின் வெகுகாலம் தளத்தின் தலைப்பகுதியிலோ அடிப்பகுதியிலோ தீம் தராத ஒரு மாற்றம் வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். 2022 ஜனவரியில் 5.9 பதிப்பு வந்த பிறகு, பக்கம் முழுவதையும் துண்டு துண்டாக அடுக்கி அமைக்கும் பிளாக் தீம்களில் அதையெல்லாம் கடைக்காரரே எழுதும் திரையில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். என் வருமானத்தில் கொஞ்சம் குறைந்தது, சரி, நல்லதுதான்.

வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பல் எழுத்துப் போடும் மோகத்தை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன. விலைக்கு விற்கும் தீம்களிலேயே இதைத் தாண்டாதவற்றைப் பார்த்திருக்கிறேன். விலைப் பட்டியலையும் தொலைபேசி எண்ணையும் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வைத்தால் வாடிக்கையாளர் எப்படி நிற்பார்?

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தீம்களைப் பற்றி எழுதும்போது, விற்பவர்கள் தரும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதே தீமில் ஒரு தமிழ்த் தலைப்பையும், கைபேசியில் எடுத்த சாதாரணப் படம் ஒன்றையும் போட்டு, கைபேசித் திரையில் எப்படித் தெரிகிறது என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வலைத்தளம் அமைக்கும் வாசகர் ஒருவர்