மெனு பார் செய்திச் செயலியின் புதிய பதிப்பு குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய பதிப்பைத் திருப்பித் தரவும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேக் திரையின் மேல்பட்டையில் (மெனு பார்) இருக்கும் உங்கள் செயலியைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். ஐகானைத் தட்டினால் ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் முதல் 30 தலைப்புகள் வரும், தலைப்பைத் தட்டினால் என் பிரவுசரில் கட்டுரை திறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை, அதற்காகவே வாங்கினேன். இலகுவான செயலி என்று சொல்லித்தான் நீங்களும் விற்றீர்கள். அண்மையில் என்னைக் கேட்காமலே நிறுவிக்கொண்ட அப்டேட்டுக்குப் பிறகு அந்த இலகு போய்விட்டது.

என்னுடையது 8 ஜிபி மெமரி உள்ள எம்2 மேக்புக் ஏர். எந்தச் செயலி எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் பழைய பதிப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு கீழே கிடக்கும். இப்போது அரை ஜிபிக்குக் குறைவதே இல்லை. செயலியின் கோப்புறையைத் திறந்து பார்த்தேன், வலைத் தொழில்நுட்பத்தில் செயலி எழுத உதவும் எலக்ட்ரானுக்கு மாற்றியிருக்கிறீர்கள். அதாவது குரோமியம் என்ற பிரவுசரும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் கூடவே வருகின்றன. வெறும் 30 வரிகளைக் காட்டுவதற்குப் பின்னால் ஒரு முழு பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரான் மேல் எனக்குக் கோபமில்லை. நான் தினமும் வேலை செய்யும் விஎஸ் கோட் என்ற நிரல் எடிட்டரும் அதில் எழுதியதுதான். ஒரு பெரிய எடிட்டருக்கு அந்தச் செலவு நியாயம். மெனு பார் செயலிக்கென்று, தன் செயலி எழுதும் கருவியான ஸ்விஃப்ட்யூஐ-யிலேயே ஆப்பிள் 2022-இல், மேக்ஓஎஸ் வென்ச்சுராவோடு, நேர் வழி கொடுத்துவிட்டதே. விண்டோஸுக்கும் சேர்த்து ஒரே நிரலில் முடிக்க நினைத்திருப்பீர்கள் போல. அதன் சுமையை ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மேல் இறக்கியது சரியில்லை.

அதைவிட என்னை வருத்துவது லாகின். கணக்குத் தொடங்கினால்தான் பட்டியலே தெரிகிறது. ஹேக்கர் நியூஸின் ஏபிஐ (பிற செயலிகள் அதன் தரவை எடுக்கும் வழி) 2014 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தலைப்புகளைப் படிக்கக் கணக்கும் வேண்டாம், அனுமதிச் சாவியும் வேண்டாம். அப்படியிருக்க என் மின்னஞ்சல் முகவரி உங்களுக்கு எதற்கு? உங்கள் தனியுரிமைக் கொள்கையை முழுதாகப் படித்தேன், காரணம் எங்கும் சொல்லப்படவில்லை.

அப்புறம், ஐகானுக்குப் பக்கத்தில் ஓடும் தலைப்பு வரி. அதை நிறுத்த செட்டிங்ஸில் வழியில்லை. திரையின் மேலே கேமராவுக்கான வெட்டு (நாட்ச்) உள்ள மேக்கில் இடம் போதாவிட்டால் மற்ற ஐகான்கள் மறைந்துபோகும். எனக்கு அலுவலக விபிஎன் ஐகான் அப்படித்தான் காணாமல் போனது.

இதையெல்லாம் உங்கள் சப்போர்ட்டுக்கு முன்பே எழுதினேன். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று மட்டும் பதில் வந்தது. ரீஸ்டார்ட் செய்தும் எதுவும் மாறவில்லை.

பழைய பதிப்பைத் தரவிறக்கும் சுட்டியை அனுப்புங்கள். அது தானாக அப்டேட் ஆகாதபடி இருக்க வேண்டும். முடியாதென்றால் நான் கட்டிய முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். எதுவானாலும், நான் தொடங்க நேர்ந்த கணக்கை அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யுங்கள். ரசீதையும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்