இணையவழிப் பட்டத்தை இளக்காரமாகப் பார்க்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் கைப்பேசியில் விரிவுரை கேட்டுப் பட்டம் பெறும் பிள்ளைகளை, "காசு கட்டி வாங்கிய சான்றிதழ்தானே" என்று நம்மவர்களே பேசுவது மனத்தைச் சுடுகிறது. பெண் பார்க்க வந்த வீட்டார், "எந்த ஊரில் போய்ப் படித்தாள்?" என்று கேட்டு, இணையவழி என்றதும் முகம் சுளித்ததை நேரில் கண்டேன்.

2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இணையவழியிலும் கற்பிக்கும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளின் தரத்தையும், மற்றத் தனியார் பல்கலைக்கழகங்களின் படிப்புகளின் தரத்தையும் எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமைதான் கண்காணிக்கிறது. வெளிநாடு போகாமல், செமினியிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் படித்தவருக்கும் பிரிட்டனிலுள்ள தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டமே கிடைக்கிறது. போலிப் பட்டங்களும் உலவுகின்றன என்பது உண்மைதான். ஆனால், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்.

ஆகவே, வெளிநாடு சென்று படித்தவர்களின் பட்டமளிப்புச் செய்திக்குத் தரும் இடத்தை, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கும் தங்கள் நாளிதழ் தர வேண்டும். அப்பதிவேட்டைப் பார்க்கும் முறையையும் கல்விப் பக்கத்தில் விளக்கினால், தோட்டத்துப் பெற்றோர் தரகர்களின் பேச்சை நம்பிப் பணத்தை இழக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்