பாறு விரட்டின நாள்

டேய் மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி சௌக்கியமா, சின்னவன் பிளஸ் டூ முடிச்சிட்டானா? ரெண்டு வருசமா பேசல, தப்பு என் மேலதான். நெட்டையன் பொண்ணு கல்யாணத்துக்கு நீ நாலு தடவ கூப்பிட்டும் நான் போன் எடுக்கல, அப்புறம் எடுத்துப் பேசவே கூச்சமா போச்சு. நீ கோவத்துல என்னைய குரூப்ல "மலைச்சாமி"ன்னு எழுதினதயும் பாத்தேன், சரி திட்டிக்கோ, ஆனா இத முழுசா படிச்சிட்டு திட்டு. போன்ல சொன்னா நீ நடுவுல பூந்து கம்பெனி கதைய ஆரம்பிச்சிருவ, அதான் எழுதறேன்.

போன வாரம் ஒரு நாள் முழுக்க நான் பாறு விரட்டினேன்டா. பிணந்தின்னிக் கழுகு. காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும், கையில கல்லும் தகரமும் வச்சிக்கிட்டு. எந்தப் பறவை ஒண்ணு தென்பட்டாலே அன்னைக்கெல்லாம் எனக்கு சோறு வேண்டாமோ அந்தப் பறவைய.

நடந்தது இதுதான். இங்க காட்டோரத்துல ஒரு பாட்டி, ரெண்டு மாடு வச்சிருக்கு. பெரிய மாட்டுக்கு மடிநோய், காய்ச்சல் வேற. இங்க மாட்டு டாக்டர் நான்தான, எனக்கு போன் பண்ணுச்சு. நான் அன்னைக்கு பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்கு கோயம்புத்தூர்ல இருந்தேன், "நாளைக்கு வந்துடறேன் பாட்டி, தண்ணி வச்சுக் குடு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். மறுநாளும் போக முடியல. அதுக்குள்ள பக்கத்து ஊர்ல ஊசி போடற ஆளு ஒருத்தன் வந்து போட்டுட்டுப் போயிருக்கான். மூணாம் நாள் மாடு செத்துப் போச்சு, இங்க வழக்கம் என்னன்னா இழுத்துக் கொண்டுபோய் காட்டோரத்துல போட்டுருவாங்க, அப்படியே போட்டுட்டாங்க. நான் போய்ச் சேந்தப்ப பாட்டி திண்ணைல உக்காந்திருக்கு, "நீ வந்திருந்தா பொழச்சிருக்குமா சாமி"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. கோவமாக்கூட கேக்கல. அதுக்கு பதில் சொல்ல எனக்கு வாய் வரலடா.

என்ன ஊசி போட்டான்னு கேட்டேன். பாட்டி எரவாணத்துலேர்ந்து ஒரு தினத்தந்தி பொட்டலத்த எடுத்துப் பிரிச்சுது. உள்ள ஒடஞ்ச கண்ணாடி ஆம்பூல் ஆறு. மனுசனுக்குப் போடற டைக்ளோஃபெனாக் வலி ஊசி, ஒவ்வொண்ணும் 3 மில்லி. ஆறையும் ஒடச்சு ஒரே சிரிஞ்சுல ஏத்திப் போட்டிருக்கான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அது போட்ட மாடு செத்து, அத தின்னா பாறு செத்துப் போகுதுன்னுதான் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாதுன்னு 2006-ல தடை வந்துச்சு. அப்புறமும் மனுசங்களுக்குன்னு வித்த 30 மில்லி குப்பிய வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க, அதனால 2015-ல மனுச ஊசிய 3 மில்லிக்கு மேல அடைக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. அத எதிர்த்து வழக்கு போட்டப்ப 2017-ல நம்ம சென்னை ஐகோர்ட்டு கட்டுப்பாடு சரிதான்னு தள்ளுபடி பண்ணுச்சு. அன்னைக்கு ராத்திரி நீ எனக்கு போன் பண்ணி "உன் கழுகு ஜெயிச்சிருச்சு"ன்னு சொன்ன. சின்ன ஆம்பூலா இருந்தா மாட்டுக்கு ஒடச்சு ஊத்த எவனுக்கும் பொறுமை இருக்காதுன்னு நெனச்சுதான் அந்த சட்டமே. பொறுமை இருக்குடா. ஆறு ஆம்பூல் ஒடைக்க ஒரு நிமிசம்கூட ஆகாது.

ஊசி போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு, மருந்து இன்னும் கறியில இருக்கும், ஈரல்லயும் கிட்னிலயும் இருக்கும். பாறு சாக அது எவ்வளவு போதும் தெரியுமா, அதோட உடம்புல கிலோவுக்கு 1 மில்லிகிராம்கூட வேண்டாம். நான் பைக்க எடுத்துக்கிட்டு மாடு கிடந்த எடத்துக்கு ஓடினேன், போறப்பவே மேல வட்டம் போட ஆரம்பிச்சிருச்சு. வெயில் ஏறி காத்து சூடானாதான அதுங்க மேல ஏறும், அந்த நேரம் பாத்து நான் போறேன். எண்ணினேன், 14. எல்லாம் வெண்முதுகுப் பாறு, திரும்பறப்ப முதுகுல அந்த வெள்ளை தெரியுது.

வேற நாளா இருந்தா நான் படுத்துக்கிட்டுப் பாத்திருப்பேன். அன்னைக்கு கத்திக்கிட்டே ஓடினேன். முதல்ல இறங்கினது மாட்டுக்குப் பத்தடி தூரத்துல இறக்கைய விரிச்சு குதிச்சு குதிச்சு வருது, நான் கல்ல விட்டேன், அது போய் மரத்துல உக்காந்துச்சு, இன்னொண்ணு இறங்குது. ரேஞ்சருக்கு போன் போட்டேன், அவரு நல்ல மனுசன், உடனே ரெண்டு வாட்சர அனுப்பினாரு, ஆனா குழி தோண்ட ஜேசிபி வர நாலு மணி ஆயிருச்சு. வந்த வாட்சர்ல ஒருத்தர் இருளர், வயசானவரு, அவரு சொன்னாரு "சின்ன வயசுல செத்த மாட்டு மேல மாடே தெரியாது டாக்டரு, இதுங்கதான் தெரியும், இப்ப வர்றதே பத்து பதினஞ்சு, அதயும் நீங்க வெரட்டறீங்க". விளக்கிச் சொன்னேன், அதுக்கப்புறம் எங்க மூணு பேர்லயே அதிகமா தகரம் தட்டினது அவருதான். மரத்துல உக்காந்திருக்கற பாறுங்க ஆறு மணி நேரம் எங்களயே பாத்துக்கிட்டு இருக்கு. பசிடா அதுங்களுக்கு. எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துச்சுங்களோ.

அப்ப எனக்கு நம்ம பாத்தாலஜி மேடம் ஞாபகம்தான் வந்துச்சு. "கிட்னிய பாக்காம கத்திய கழுவாதீங்கடா"ன்னு சொல்லுவாங்கல்ல. இந்த டைக்ளோஃபெனாக் விசயம் வெளிய வந்ததே அப்படித்தான். ராஜஸ்தான் பரத்பூர்ல பாறு குறையுதுன்னு பறவை ஆராய்ச்சி பண்ற விபு பிரகாஷ் 90-கள் கடைசில சொல்றாரு, தலைய தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, அப்புறம் பொத்துனு விழுது. எல்லாரும் ஏதோ வைரஸ்னு நெனச்சாங்க. பாகிஸ்தான் பஞ்சாப்ல லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை டாக்டர், அவரு டீம் செத்த பாறுங்கள வரிசையா அறுத்துப் பாத்துச்சு. உள்ள ஈரல், இதயம் எல்லாத்து மேலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் ஆசிட். கிட்னி போயிருச்சுன்னு அர்த்தம். வைரஸ் தேடினாங்க, இல்ல. பூச்சிமருந்து, ஈயம் தேடினாங்க, அதுவும் இல்ல. அப்புறம்தான் வேற பக்கமா யோசிச்சாங்க, இதுங்க தின்னறது பூரா வீட்டு மாடு, அப்ப மாட்டுக்கு என்ன போடறாங்கன்னு போய் மருந்துக்கடைங்கள்ல விசாரிச்சாங்க. கிட்னிய கெடுக்கக் கூடியது எதுன்னு பாத்தா டைக்ளோஃபெனாக். யூரிக் ஆசிட் படிஞ்ச 25 பறவைல 25-லயும் மருந்து இருந்துச்சு, படியாத 13-ல ஒண்ணுலகூட இல்ல. 2004-ல நேச்சர்ன்ற அறிவியல் பத்திரிகைல வந்துச்சு. எனக்கு இத நெனச்சா இன்னைக்கும் மயிர் கூச்செறியுதுடா, ஒரு போஸ்ட்மார்ட்டம் மேசையும் பொறுமையும் இருந்தா நாட்டோட சட்டத்த மாத்தலாம்னு காமிச்ச வேலை அது.

இதுல என்னைய அரிக்கறது வேற ஒண்ணு. நாம வேலைக்கு சேந்தது 1999. 2006 வரைக்கும் ஏழு வருசம் நானும் அதத்தான போட்டேன்? நொண்டற மாட்டுக்கு, காய்ச்சல் மாட்டுக்கு, கன்னு போட்டு எந்திரிக்காத மாட்டுக்கு. ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல மாடு எந்திரிக்கும், ஊர்ல "டாக்டர் கைராசி"ன்னு பேர். கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க, நூறு செத்த மாட்டுல ஒண்ணுக்கும் கம்மியா மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும்னு. எனக்குத் தெரியாதுன்றது நிஜம், யாருக்கும் அப்ப தெரியாது. ஆனாலும் அந்த மாட்டுல ஒண்ணு ரெண்டாவது என் கைராசிலேர்ந்து போயிருக்கும்ல. 1992-லேர்ந்து 2007-க்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் போயிருச்சு. ஆயிரத்துக்கு ஒண்ணு மிச்சம். அந்த ஆயிரத்துல ஒண்ணோட பேரன் பேத்திங்க மேலதான் நான் போன வாரம் கல்லு விட்டேன்.

நீ கேப்ப, கழுகு இல்லாட்டி என்னன்னு. கேக்காத. செத்தது அப்படியே கிடந்தா நாய் பெருகும், நாய்க்கடி பெருகும். 2024-ல ரெண்டு பொருளாதாரக்காரங்க கணக்கு போட்டிருக்காங்க, பாறு அழிஞ்ச மாவட்டங்கள்ல 2000-லேர்ந்து 2005 வரைக்கும் கூடுதலா அஞ்சு லட்சம் மனுசங்க செத்திருக்காங்கன்னு. உங்க அப்பாவுக்கு நாய் கடிச்சப்ப நாம ஜிஎச்சுல தடுப்பூசிக்கு நின்னோமே, அந்த கியூவ இப்ப நெனச்சா எனக்கு வேற மாதிரி இருக்கு.

இப்ப உன் விசயத்துக்கு வர்றேன். நீ மருந்து விக்கற ஆளு, நான் உன்ன குத்தம் சொல்லல, ஆனா உன்கிட்ட கேக்காம யாருகிட்ட கேப்பேன். கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக்னு ரெண்டு வலி மருந்தையும் 2023-ல மாட்டுக்குத் தடை பண்ணிட்டாங்க, 2024 கடைசில நிமிசுலைடும் போச்சு. நல்லது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பறவை செத்து, ஆராய்ச்சி நடந்து, பேப்பர் வந்து, கெஜட்ல வர எத்தன வருசம்! கீட்டோபுரோஃபென் பாறுக்கு ஆகாதுன்னு 2009-லயே பேப்பர் வந்தாச்சு, தடைக்கு 14 வருசம். ஏன் புதுசா ஒரு வலி மருந்து மாட்டுக்கு விக்கறதுக்கு முன்னாடியே பாறுக்கு ஆகுமான்னு பாக்கக்கூடாது? ஃபுளூனிக்சின்ற வலி மருந்து மேலயும் சந்தேகம் இருக்கு, நம்ம ஆளுங்க அத இப்ப தாராளமா போடறாங்க. உன் மீட்டிங்ல இத ஒரு தடவ கேளு மாப்ள. உன்னால கேக்க முடியும், நீ ஹாஸ்டல் வார்டன்கிட்டயே சாம்பாருக்காக மூணு நாள் சண்ட போட்டவன்.

வலி மருந்துங்கள்ல மெலாக்சிகாம் பாறுக்கு ஆபத்து இல்லன்னு 2006-லயே தெரிஞ்சாச்சு, டோல்ஃபெனாமிக் ஆசிடும் பரவால்லன்னு அப்புறம் வந்துச்சு. ஆனா மெலாக்சிகாம், ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் குப்பினா 300 கிலோ மாட்டுக்கு 30 மில்லி ஏத்தணும், அந்த ஊசிக்காரன் எங்க ஏத்துவான், அவனுக்கு ஆறு ஆம்பூல்தான் வசதி. அவன நேத்து போய்ப் பாத்தேன். சண்ட போடணும்னுதான் போனேன். அவன் வீட்டுல பாத்தா ஒரு நோட்டுல மருந்து பேரெல்லாம் அழகா எழுதி வச்சிருக்கான், எட்டாவது படிச்சவன், யாரும் அவனுக்கு எதுவும் சொல்லிக் குடுத்ததில்ல. மெலாக்சிகாம் பேரையும் அளவையும் நானே அந்த நோட்டுல எழுதிக் குடுத்தேன், டைக்ளோஃபெனாக்க அடிச்சேன். அவன வைத்தியம் பண்ணாதன்னு சொல்லிருக்கணும், சட்டப்படி அதான் சரி. ஆனா நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு பாட்டி யாரக் கூப்பிடும்? நீயே சொல்லு, நான் பண்ணினது தப்பா?

ஜேசிபி குழிய மூடினதுக்கப்புறம் பாறுங்க ஒவ்வொண்ணா எந்திரிச்சு மாயாறு பக்கமா போச்சு. அங்க ஆத்தோரம் நீர்மருது மரத்துலதான் கூடு கட்டும், வருசத்துக்கு ஒரே முட்டை. பன்னெண்ட நான் எண்ணினேன். ரெண்டு எப்ப போச்சுன்னு தெரியல, நான் வர்றதுக்கு முன்னாடி எதாவது இறங்கித் தின்னுச்சான்னும் தெரியல. மாட்டு வயித்துப் பக்கம் ஒரு எடத்துல தோல் கிழிஞ்சிருந்துச்சு, அது நாயா இருக்கலாம். அந்த வாட்சர் மூணு நாளா மரத்தடி மரத்தடியா போய்ப் பாத்துக்கிட்டு இருக்காரு, இதுவரைக்கும் எதுவும் விழல.

பாட்டியோட கன்னுக்குட்டிக்கு நேத்துலேர்ந்து லேசா காய்ச்சல், தினம் ரெண்டு தடவ போறேன். என்கிட்ட மெலாக்சிகாம் நாலு குப்பி மிச்சம் இருக்கு, அடுத்த சப்ளை எப்பன்னு தெரியல. உனக்கு தெரிஞ்ச டீலர் சத்தியமங்கலத்துல யாராவது இருந்தா நம்பர் அனுப்பு, இன்னைக்கே அனுப்பு.

தங்கச்சியக் கேட்டதா சொல்லு.

உன் மலைச்சாமி