மூன்றில் ஒன்றை விடுகிறேன்

அன்புள்ள கண்ணா,

மூன்று பாடகர் குழுக்களையும் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் ஓடப்போகிறாய் என்று நீ போனில் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அப்போது நான் முடிவெடுத்திருக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டேன். மூன்றில் ஒன்றை விடுகிறேன். எதை என்று தெரிந்தால் நீ திகைத்துப்போவாய். அப்பா ஏற்கெனவே திகைத்து, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். பெரிய குழுவைத்தான் விடுகிறேன்.

உடனே போன் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

இந்த வருஷம் எப்படிப் போனது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலையில் வேலை முடிந்து வருபவர்கள், வாரக் கடைசியில் பெரிய குழு. ஒத்திகை நேரம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஒத்திகைக்கு வெளியே இருக்கும் வேலைதான் ஆளைத் தின்கிறது. ஸ்கோரில், அதாவது ஸ்வரங்கள் அச்சிட்ட தாளில், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறிப்பது, வராதவர்களைத் தேடிப் பேசுவது, நகல் எடுப்பது, மேடையில் யார் எந்த வரிசை என்று படம் போடுவது. உயரமானவர்களைப் பின்னால் நிறுத்து என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உயரமானவர்கள் எல்லோரும் பேஸ் என்ற அடிக்குரல்காரர்களாக இருந்துவிட்டால் பரவாயில்லை, இருப்பதில்லையே!

பெரிய குழு இந்த வருஷம் பாடியது ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம், இறந்தவர்களை நினைத்துப் பாடும் பாட்டு. பல வருஷமாக எனக்கிருந்த ஆசை அது. ஏழு பகுதிகள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், குழுவுக்கு ஒரு பகுதியில்கூட ஓய்வு கிடையாது. இறந்தவர்களுக்காக தேவாலயத்தில் சொல்லும் லத்தீன் வாசகங்களை பிராம்ஸ் எடுத்துக்கொள்ளவில்லை. லூத்தரின் ஜெர்மன் பைபிளிலிருந்து தானே வரிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். செத்தவர்களைவிட, பின்னால் நின்று அழுகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பாட்டு பேசுகிறது. 1865இல் அவர் அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. முதல் மூன்று பகுதிகளை மட்டும் 1867 டிசம்பரில் வியன்னாவில் பாடினார்கள். மூன்றாம் பகுதியின் முடிவில், அடியில் ஒரே ஸ்வரம் அசையாமல் நிற்க, அதன் மேல் குழு முழுவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாடும். அன்றைக்கு டிம்பனி என்ற பெரிய முரசை அடித்தவர் அந்த ஒரே ஸ்வரத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலமாகப் போட்டு அடித்துத் தள்ளியதில், பாடியது யாருக்கும் கேட்கவில்லை. சபையில் சிலர் சீறவே செய்தார்களாம். அடுத்த வருஷம், 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று பிரெமன் நகரத் தேவாலயத்தில் பிராம்ஸே நின்று நடத்தினார். அந்த முறை வெற்றி. தாய் தேற்றுவது போல் நான் உங்களைத் தேற்றுவேன் என்ற ஏசாயாவின் வரி வரும் ஐந்தாம் பகுதியை அதற்குப் பிறகுதான் எழுதிச் சேர்த்தார். எங்கள் டிம்பனிக்காரரிடம் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். புத்திசாலி, சிரித்துக்கொண்டார், கச்சேரியன்று அளவாகவும் அடித்தார்.

கச்சேரி நன்றாக நடந்தது. நன்றாக என்றால் நிஜமாகவே நன்றாக. முதல் பகுதியில் வயலின்களே கிடையாது, கீழ்க்குரல் தந்தி வாத்தியங்கள் மட்டும் முனகிக்கொண்டிருக்கும்போது குழு மெல்ல உள்ளே வர வேண்டும். சத்தமாக ஆரம்பிப்பது யாருக்கும் வரும். அத்தனை பேர் மெதுவாக, ஒரே கணத்தில், ஒரே உயிரெழுத்தில் ஆரம்பிப்பதுதான் கஷ்டம். அது அன்றைக்கு வந்தது. ஆனால் வந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதில் என் பங்கு இப்போது மிகவும் கொஞ்சம் என்று நினைத்தேன். வருத்தமாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஸ்கோர் படிக்கத் தெரியும். நீண்ட ஸ்வரங்களில் பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் தான் எடுக்காமல், குரலைத் தணித்து விலகி, அதே தணிந்த குரலில் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளத் தெரியும். கேட்பவருக்கு அந்த ஸ்வரம் எங்கேயும் அறுந்ததாகவே தெரியாது. இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, மெருகுபோடுவதுதான் மிச்சம்.

மெருகு போடுவதில் எனக்கு அலுப்பு வந்துவிட்டது என்று நீ எடுத்துக்கொள்வாய். அப்படியும் இல்லை. எனக்கு உதவியாக நின்று பழகிய அந்த இளம்பெண், எனக்கு மூன்று ஒத்திகை பிடிக்கிற வேலையை இரண்டில் முடிக்கிறாள். கை சைகை தெளிவு. காது என்னுடையதைவிடக் கூர்மை, அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் எதற்காக இன்னும் காத்திருக்க வேண்டும்?

தொண்டை விஷயம் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். பயப்பட ஒன்றும் இல்லை. குரல் கரகரத்துக்கொண்டே இருந்தது, டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார், வீக்கம்தான். நாள் முழுக்கப் பேசி, பேச்சுக்கு நடுவே பாடியும் காட்டுகிற ஆசிரியர்களுக்கு இது தொழிலோடு வருகிறது. நடு 'ஏ' (A) ஸ்வரத்தை, அதுதான் 440 என்று வைத்துக்கொண்டு எல்லோரும் வாத்தியம் சுதி சேர்க்கிறார்களே அதை, ஒரு பெண் பாடினால் குரல் நாண்கள் ஒரு விநாடிக்கு 440 முறை மோதிக்கொள்கின்றன. பாவம்தானே அவை. குசுகுசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, அதுவும் தொண்டையை இறுக்கும். ஒன்றும் பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. அப்புறம் மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து அதன் வழியே ஸ்வரம் ஊதுவது. வாய்ப்பக்கம் காற்று சற்றே தேங்குவதால் நாண்கள் பலமாக மோதாமல் அதிரும். காலையில் நான் அதை ஊதுவதைப் பார்த்து அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும், குரல் திரும்பிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி உனக்கு நான் சொல்லவே வேண்டாம், நீயே அந்த வழியாக வந்தவன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடித்து, பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. நேரே இறங்கினால் பரவாயில்லை. இன்றைக்கு இருக்கும் ஸ்வரம் நாளைக்கு இருக்காது. அந்தக் காலத்தில் "குரல் உடையும்போது பாடாதே, கெட்டுப்போகும்" என்று பையன்களை அனுப்பிவிடுவார்கள். போனவன் பெரும்பாலும் திரும்பி வரமாட்டான். நான் அனுப்புவதில்லை. வசதியாக நாலைந்து ஸ்வரம் இருந்தால் போதும், அந்த நாலைந்துக்குள்ளேயே ஒரு குரல்வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். சில வாரத்துக்கு ஒருமுறை எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து மாற்றுவேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். நீ அதைப் பாடாமல் முறைத்துக்கொண்டு நின்றது வேறு விஷயம்.

சரி, மாலைக் குழுவுக்கு வருகிறேன். இவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், பிராம்ஸ் பாதியைச் சாப்பிட்டுவிட்டார்.

யார் வேண்டுமானாலும் வரலாம், குரல் சோதனை இல்லை என்று அறிவித்ததும் யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்? "எனக்குப் பாட வராது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஆசிரியர் இருப்பார். "நீ பின்னால் நின்று வாயை மட்டும் அசை" என்று எப்போதோ சொன்ன ஒருவர். அதை ஐம்பது வருஷம் சுமந்துகொண்டு வந்த பாட்டியம்மா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். நிஜமாகவே ஸ்வர வித்தியாசம் காதில் விழாதவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குக் காது இருக்கிறது, காதுக்கும் தொண்டைக்கும் நடுவே வழி பழகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நான் செய்வது எளிமையானது. பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டி "இதைப் பாடுங்கள்" என்று சொல்வதில்லை. அவர்களுக்கு வசதியான ஏதோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், முழுக் குழுவும் போய் அந்த ஸ்வரத்தில் சேர்ந்துகொள்ளும். தன் குரலும் அடுத்தவர் குரலும் ஒன்றாகிவிட்டால் உடம்பில் எப்படி இருக்கும் என்பது பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தெரிகிறது. அது ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு நாங்கள் ஒரு படி நகர்வோம், அவரும் நகர்வார். இன்னொன்று, ஆண்களுக்கு நான் பாடிக் காட்டுவதில்லை. நான் பாடும் ஸ்தாயியிலேயே பிடிக்கப் பார்த்து அவர்கள் தொண்டை இறுகிப்போகும். அதற்கு ஒரு பேஸ் குரல்காரரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அடுத்தது வட்டப்பாட்டு. ஒரே மெட்டுதான், ஆனால் இரண்டாம் அணி இரண்டு அடி தள்ளி ஆரம்பிக்கும். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், பல குரல் பாட்டுக்கு அதைவிட நல்ல பாலபாடம் இன்றுவரை வரவில்லை என்பது என் கட்சி. முதல் வாரம் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு பாடினார்கள். அடுத்த அணி குழப்பிவிடுமே என்ற பயம். அதனால் கத்தவும் செய்தார்கள். சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதிவைத்தார். குழுப்பாட்டில் அதுதான் முதல் எதிரி. இவர் உயர்த்த அவர் உயர்த்த, கடைசியில் யாருக்கும் யாரும் கேட்பதில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கவில்லை என்றால் நீங்கள் அதிகமாகப் பாடுகிறீர்கள். கையை இறக்கவைக்க அது போதுமானதாக இருந்தது.

நல்ல தம்புராவைச் சுத்தமாகச் சுதி சேர்த்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம், அந்த 'க' ஸ்வரம், தானாக எழுந்து கேட்கும், நீயும் கேட்டிருக்கிறாய். மனிதக் குரல்களுக்கும் அது உண்டு. ஆனால் பியானோவின் காந்தாரம் அந்த இயற்கையான காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு உயரம். பியானோவையே பிடித்துக்கொண்டு ஒத்திகை செய்யும் குழுவுக்கு அந்தச் சுகம் கிடைக்கவே கிடைக்காது. அதனால் மாலைக் குழுவில் முடிந்த அளவு பியானோவை மூடியே வைக்கிறேன். பெரிய குழுவுக்கு ஆர்கெஸ்ட்ரா கூட இருப்பதால் அதைச் செய்ய முடிவதில்லை. வருஷக் கடைசியில் ஒரு நாள், மூன்று ஸ்வரம்தான், அடியில் ஸ, நடுவில் ப, மேலே க. பெண்கள் அந்த காந்தாரத்தை ஒரு முடி அளவு கீழே தளர்த்தினார்கள், கூடம் முழுக்க ஒலித்தது. "மேலே யார் பாடுறது?" என்று அந்தப் பாட்டியம்மா திரும்பிப் பார்த்தார். யாரும் பாடவில்லை. அதுவரை நான் அவருக்கு உபஸ்வரம், அதாவது பாடும் ஸ்வரத்துக்கு மேலே தானாக எழும் ஸ்வரம், பற்றி எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முடிவைச் சொன்னேன். பிராம்ஸை நடத்த ஆட்கள் இருக்கிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். "வாயை மட்டும் அசை" என்று அனுப்பப்பட்டவர்களோடு வாரா வாரம் உட்கார்ந்து ஸ்வரம் தேட யாரும் வரிசையில் நிற்பதாகத் தெரியவில்லை. எனக்கும் இந்த வேலைதான் கை வந்தது. மேடையும் கைதட்டலும் போய்விடுமே என்று அப்பா கேட்டார். போகும், கொஞ்சம் வலிக்கும்தான். கறுப்புப் புடவையை என்ன செய்வது என்று வேறு கேட்டார், அதற்கு இன்னும் பதில் இல்லை.

பெரிய குழுவை எடுத்துக்கொள்ளும் அந்த இளம்பெண்ணுக்கு இந்த வாரம் சொல்லப்போகிறேன். என் பென்சில் குறிப்புகளோடு ஸ்கோர்களை அவளுக்கே கொடுத்துவிடுவேன். அழித்துவிட்டுத் தன் குறிப்பைப் போடுவாள், போடத்தான் வேண்டும்.

மாலைக் குழுவுக்கு அடுத்த வருஷம் நான்கு குரல் பாட்டு ஒன்று வைத்திருக்கிறேன், சின்னதுதான். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ தேவைக்கு மேல் இருக்கிறார்கள், கீழ்க்குரல் ஆல்டோ தேறிவிட்டார்கள், பேஸ் இரண்டு பேர் நல்லவர்கள். ஆண்களில் மேல்குரல் டெனர்தான் இல்லை. உலகத்தில் எந்தக் குழுவைக் கேட்டாலும் டெனர் இல்லை என்றுதான் சொல்வார்கள், நான் மட்டும் விலக்கா? நீ விடுமுறைக்கு வரும் தேதியை முன்னாலேயே சொல்லிவிடு, அதை ஒட்டி ஒத்திகை வைக்கிறேன். குரல் சோதனை கிடையாது. இந்த முறை முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா