வீட்டுக்கல்வி ஆய்வுகள்: யாரை அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீட்டுக்கல்வி பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரை விநோதப் பிறவிகளாகக் காட்டாமல் மரியாதையோடு எழுதியிருந்தீர்கள். அதற்கு என் நன்றி. ஆனால் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளைவிட 15 முதல் 30 சதமானப் புள்ளிகள் கூடுதலாக எடுப்பதாக அமெரிக்க ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்றது அது. (தேர்வு எழுதிய நூறு பேரில் எத்தனை பேரைவிட ஒரு பிள்ளை முன்னே நிற்கிறது என்ற கணக்குதான் சதமானம்.) கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவள் நான். அந்த ஒரு வரியை நம்பி எங்கோ ஒரு வீட்டில் பிள்ளையின் டி.சி.யை வாங்கிவிடுவார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கணக்கைப் பல காலமாகப் பரப்பி வருவது பிரையன் ரே என்பவர் 1990-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய வீட்டுக்கல்வி ஆய்வு நிறுவனம். ரே வீட்டுக்கல்விக்காக வெளிப்படையாக வாதாடுபவர். அவரது பெரிய ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது, வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக வழக்காடும் சட்டப் பாதுகாப்புச் சங்கம். 1983 முதல் இயங்கும் சங்கம் அது. பணம் கொடுத்தவர் யார் என்பதை வைத்து மட்டும் ஓர் ஆய்வைத் தள்ளிவிடக் கூடாது. யாரை அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வகை ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது லாரன்ஸ் ரட்னர் 1999-இல் வெளியிட்டது. அதற்கும் நிதி அதே சங்கத்தினுடையதுதான். 11,930 குடும்பங்கள், 20,760 பிள்ளைகள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அத்தனை பேரும் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் தேர்வுச் சேவைக்குத் தாங்களாகவே பணம் கட்டிச் சேர்ந்த குடும்பத்தினர். அது தென் கரோலினாவில் உள்ள தீவிரக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். வெவ்வேறு இன மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கக் கூடாது என்ற விதி 2000 வரை அங்கே இருந்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் தேர்வுத்தாளைக் கேட்டு வாங்கக்கூடிய கறுப்பினப் பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆய்வில் சேர்ந்தவர்களில் 94 சதவீதம் வெள்ளையர். 97 சதவீதத்துக்கு மேல் தாய் தந்தை இருவரும் சேர்ந்து வாழும் குடும்பங்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குப் பெற்றோரில் ஒருவராவது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர். இந்தப் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருந்தாலும் நல்ல மதிப்பெண்தான் எடுத்திருப்பார்கள்.

ரத்த தான முகாமுக்குத் தேடி வந்தவர்களின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட்டு ஊரில் யாருக்கும் ரத்தசோகை இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ரட்னரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியைவிட வீட்டுக்கல்வி மேலானது என்று இந்த ஆய்வு காட்டவில்லை என அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். அதே ஆண்டு, ரட்னரின் ஆய்வு வந்த அதே ஆய்விதழில், கெவின் வெல்னரும் காரியேன் வெல்னரும் மறுமொழி எழுதி இந்தக் கூறெடுப்புக் குறையை, அதாவது ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையில் உள்ள குறையை, விளக்கினார்கள். ஆய்வாளர் போட்ட எச்சரிக்கையைப் பரப்புரையாளர்கள் கத்தரித்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது கடல் தாண்டி உங்கள் பெட்டிச் செய்திவரை வந்துவிட்டது.

சரியான கூறெடுப்பு ஏன் கிடைப்பதில்லை என்றால், எல்லாரையும் கொண்ட பட்டியலே இல்லை. டெக்சாஸ், ஒக்லஹோமா போன்ற மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் அரசுக்குத் தகவல்கூடத் தர வேண்டியதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஆய்வாளர் கேட்டதும் முன்வருவார்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பத்து வயதுப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. 2013-இல் இந்தத் துறையின் ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகத் தொகுத்துப் பார்த்த ராபர்ட் கன்ஸ்மனும் மில்டன் கெய்தரும் இதைத்தான் வருத்தத்தோடு சொல்கிறார்கள். குடும்பப் பின்னணியைக் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் மிஞ்சுவதில்லை. மொழியில் கொஞ்சம் ஏற்றம், கணிதத்தில் கொஞ்சம் இறக்கம், அவ்வளவே. கணிதம் என்ற அந்த இடத்தில் பெற்றோர் நின்று யோசிக்க வேண்டும். கதை படித்துக் காட்டுவது பல வீடுகளில் தானாக நடந்துவிடும். பின்னமும் இயற்கணிதமும் அப்படி நடப்பதில்லை.

சிறிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 37, பள்ளிப் பிள்ளைகள் 37. ஐந்து முதல் பத்து வயதினர். ஆய்வாளர்களே நேரில் தேர்வு நடத்தினார்கள். பாடத்திட்டம் வைத்து முறையாகச் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாக இருந்தார்கள். பிள்ளை தன் போக்கில் கற்கட்டும் என்று விட்டவர்கள் 12 பேர்தான். மூன்று குழுக்களில் அவர்களே கடைசியாக இருந்தார்கள். 12 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கல்வி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வீடுகள் இருக்கின்றன என்பதை இது காட்டிவிட்டது.

அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசிய ஆய்வாளர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. என் மனக்குறை அதுதான். 1980-களிலேயே ஜேன் வான் கேலன் இந்தப் பெற்றோரை இரு வகையாகப் பார்த்தார். தங்கள் மதநம்பிக்கைப்படி பிள்ளையை வளர்க்க விரும்பியவர்கள் ஒரு வகை. பள்ளி சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே நம்பிக்கை இழந்தவர்கள் இன்னொரு வகை. பிறகு செரில் ஃபீல்ட்ஸ்-ஸ்மித் அட்லாண்டா பகுதியின் கறுப்பினத் தாய்மார்களிடம் பேசினார். அமா மசாமாவும் கார்வி லண்டியும் கறுப்பினக் குடும்பங்களிடம் காரணம் கேட்டார்கள். பெற்றோர் சொன்னதில் சதமானம் இல்லை. ஆசிரியர்கள் தங்கள் மகனை முதல் நாளிலிருந்தே தொல்லைக்காரனாகப் பார்த்தார்கள், கற்றல் குறைபாடு உள்ளவன் என்று எளிதில் முத்திரை குத்தினார்கள், பாடநூலில் தங்கள் மக்களின் வரலாறே இல்லை என்றார்கள். 2020-இல் கோவிட் வந்தபோது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை எடுத்த கணக்கில், வீட்டுக்கல்விக்கு மாறிய கறுப்பினக் குடும்பங்கள் ஆறே மாதத்தில் 3.3 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதமாக உயர்ந்தன. பள்ளியில் பிள்ளை காயப்படுகிறது என்று தவித்துக் காத்திருந்த பெற்றோரும் அவர்களில் இருந்திருப்பார்கள். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு வீட்டுக்கல்விப் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று என்னால் நினைக்க முடியாது.

நம் ஊர்ப் பெற்றோர் அறிய வேண்டியது வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்கல்வி என்ற ஏற்பாட்டை அது குறிப்பிடவே இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அமெரிக்கச் சதமானத்தைவிட இந்த விவரம்தான் நம் வாசகருக்கு உதவும்.

ஆகவே அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் உங்கள் நிருபரைத் தமிழ்நாட்டில் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் குடும்பங்களிடம் அனுப்புங்கள். மகிழ்ச்சியாகப் பேசக் காத்திருப்பவர்களோடு நிறுத்திவிடாமல், ஓரிரு ஆண்டு முயன்றுவிட்டுப் பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்த்தவர்களையும் அவர் தேடிப் போகட்டும். கணக்குப் பாடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இரு தரப்பிடமும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் விரிவுரையாளர்,
திருச்சி.