உன் குச்சிகள் பத்திரமாக இருக்கின்றன

அன்பு மகனுக்கு,

கறுப்புக் கேக் பார்சல் வந்து சேர்ந்ததா? டிசம்பர் முதல் வாரமே தபாலில் போட்டுவிட்டேன். டொரொன்டோ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு வேலை அதிகம், அதனால்தான் பேச முடியவில்லை என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் பெண் லண்டனிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் அம்மாவிடம் பேசுகிறாள். குறையாகச் சொல்லவில்லை. நம் தெருவில் முதல் பட்டம் வாங்கியவன் என் மகன்தான், அதையும் அவளிடம் சொன்னேன்.

டிரினிடாட்டில் ஸ்டீல்பான் குழுக்களின் போட்டி நெருங்குகிறது, நம் லாவென்டில் முழுக்க இப்போது பனோரமா பேச்சுதான். நம் குழு வாசிக்கிற பான் யார்டில் ராத்திரி ஒரு மணிவரை பயிற்சி. ஜன்னலைச் சாத்தினாலும் சிக்ஸ் பேஸ் தரைவழியே வந்து கட்டிலை அதிரவைக்கிறது. ஆறு முழு எண்ணெய் டிரம்மை நடுவில் நின்று ஒரே ஆள் அடித்தால் அதிராதா? அதற்கு மேலே செல்லோ, கிட்டார், டபுள் செகண்ட் என்று மற்ற பான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். கடைசியில் டெனர் பான் மெட்டை எடுக்கும்போது கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது. அப்பா வண்டியின் பிரேக் டிரம்மைத் தாளமாக அடித்த இஞ்சின் ரூமில், அந்தத் தாள வரிசையில், இப்போது சின்னப் பையன்கள் நிற்கிறார்கள். இரும்பு தவறினால் நூறு பேரும் தவறுவார்கள் என்பாரே, அதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

போன வாரம் டியூனர் புது டெனர் ஒன்றுக்குச் சுருதி சேர்த்தார். சாப்பாடு கொண்டுபோனவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு சுரத்தைத் தட்டிச் சரிசெய்தால் பக்கத்துச் சுரம் விலகுகிறது. மறுபடி அதைத் தட்டுகிறார். சி-க்குப் பக்கத்தில் டி-யைக் காணோமே, ஜி-யும் எஃப்-உம் இருக்கிறதே என்று சின்ன வயதில் நீ கேட்டது ஞாபகம் வந்தது. பான் செய்கிற டோனி வில்லியம்ஸ் சுரங்களை அடுக்கிய முறை அது என்று அப்பா உனக்குத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார்.

அங்கே குளிரில் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ராசா, ஒன்று சொல்ல வேண்டும். நீ ஐந்தாம் ஃபார்ம் படித்த வருடம், பனோரமா இறுதிச் சுற்றுக்கு இரண்டு வாரம் முன்னால் உன்னை டெனர் வரிசையிலிருந்து நிறுத்தினார்களே, உன் கை போதவில்லை என்று குழுவின் கேப்டன் சொன்னாரே, அது பொய். நான்தான் அவரிடம் போய் அழுதேன். பரீட்சை போய்விடும், அவனை எப்படியாவது நிறுத்துங்கள், நான் கேட்டது அவனுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சினேன். உன்னைவிடச் சுத்தமாக வாசிக்கிற பையன் அந்த வரிசையிலேயே இல்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்டும் நான் எழுந்து வரவில்லை.

என் அம்மா காலத்தில் பான் யார்டு என்றால் போலீஸும் கத்திச் சண்டையும்தான். 1992-ல் அரசாங்கமே ஸ்டீல்பானை நாட்டின் வாத்தியம் என்று அறிவித்த பிறகும் அந்தப் பயம் எனக்குள் இருந்தது. நீ வீட்டுக்கு வந்து குச்சிகளை அலமாரிமேல் வைத்தாய். பிறகு தொடவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டபுள் செகண்டுக்கு இரண்டு ஆள் குறைகிறதாம். கேப்டன் உன்னை விசாரித்தார். குச்சிகளில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, புதுசு மாற்றி வைத்திருக்கிறேன்.

பார்சல் கிடைத்ததா என்றாவது எழுது.

அம்மா